தார்க் கொப்பரையும் மூன்றாம் இருக்கையும்

வாருங்கள், நெருங்கி உட்காருங்கள். இது குளிர் தேசத்துக் கதை. போர்வை இருப்பவர்கள் போர்த்திக்கொள்ளுங்கள், இல்லாதவர்கள் பக்கத்திலிருப்பவர் போர்வையை இழுத்துக்கொள்ளுங்கள்.

வடக்கே, அதற்கும் வடக்கே, அதையும் தாண்டி வடக்கே ஒரு பனி தேசம் இருந்தது. நம் மார்கழிக் குளிர் அந்த ஊருக்குச் சித்திரை வெயில். அரை வருஷம் நதி உறைந்து இறுகிக் கிடக்கும், அதன் மேல் குதிரை வண்டி ஓடும். அந்தத் தேசத்தை ரதிமீர் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். ஆள் நல்ல உயரம். கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாதவன்.

அவன் சபையில் முப்பது பிரபுக்கள் இருந்தார்கள். முப்பது பேருக்கும் தாடி இடுப்பு வரை தொங்கியது. முப்பது பேருக்கும் கோபம் மூக்கு நுனியில் இருந்தது. முப்பது பேருக்கும் வேலை ஒன்றே ஒன்றுதான்: அவரவர் இருக்கையைக் காப்பது.

என்ன இருக்கை என்கிறீர்களா? சொல்கிறேன். அந்தச் சபையில் யார் எங்கே உட்கார வேண்டும் என்பதற்கு ஒரு வரிசைப் புத்தகம் உண்டு. இரண்டு பேர் சேர்ந்தால்தான் அதைத் தூக்க முடியும். யாருடைய பாட்டன் யாருடைய பாட்டனுக்கு மேலே உட்கார்ந்தான் என்று அதில் எழுதியிருக்கும். பாட்டன் ஐந்தாவது என்றால் பேரனும் ஐந்தாவது. பேரன் வீரனா கோழையா, புத்திசாலியா மண்டூகமா என்று அந்தப் புத்தகத்துக்குக் கவலை இல்லை.

வரிசையில் ஓர் இடம் குறைந்தாலும் போச்சு. சண்டை போடுவது மரியாதைக் குறைவு. அதனால் அப்படியே வழுக்கி மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டு, "ஐயோ, என் குலத்துக்கு இழுக்கு!" என்று கூவ வேண்டும். அதுதான் அங்கே மரியாதை. சில விருந்துகளில் மேசைக்கு மேலே பத்துப் பேரும் கீழே இருபது பேரும் இருப்பார்களாம்.

இந்த முப்பது பேரில் மூன்றாம் இருக்கைக்காரர் கோர்தெய் பிரபு. நம் கதை அவருடையது. ராஜாவின் வலப்பக்கத்திலிருந்து எண்ணினால் மூன்றாவது. ஏழு தலைமுறையாக அவர் வீட்டுக்கு அந்த இடம். ஒருமுறை புதிதாக வந்த பரிமாறுகிறவன் அவரைத் தவறி நான்காவதில் உட்கார வைத்துவிட்டான். கோர்தெய் மூன்று நாள் மேசையடியை விட்டு வரவில்லை. மனைவி பெலகேயா வேளாவேளைக்கு அங்கேயே கஞ்சி கொண்டுபோனாள். "கொஞ்சம் தள்ளி உட்காருங்க, கூட்டிவிட்டுப் போறேன்" என்று துடைப்பமும் கொண்டுபோனாள்.

அந்த இருக்கைதான் அவருக்கு உயிர். தூக்கத்தில்கூட வலது கையால் கட்டிலை எண்ணுவார்: ஒன்று, இரண்டு, மூன்று.

இப்படிப்பட்டவர்களை வைத்துக்கொண்டு ரதிமீர் ராஜா மூன்று அடி வாங்கினான்.

முதல் அடி நெருப்பு. தானியக் கிடங்கு பற்றிக்கொண்டது. நதியிலிருந்து கிடங்கு வரை பிரபுக்கள் வரிசையாக நின்று வாளி கைமாற்ற வேண்டும். "அவர் வாளியை நான் வாங்கினால் நான் அவருக்குக் கீழே என்று ஆகாதா?" என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி என்று மற்றவர்கள் யோசித்தார்கள். யோசித்து முடிப்பதற்குள் கிடங்கு சாம்பலாயிற்று.

இரண்டாம் அடி எதிரி. இரண்டு தளபதிகளுமே மற்றவருக்குப் பின்னால் போக மாட்டேன் என்றார்கள். ஒருவர் கிழக்கு வழியாகப் போனார், ஒருவர் மேற்கு வழியாகப் போனார். எதிரி நடுவழியாக வந்து, ஊரைக் கொள்ளையடித்து, சாவகாசமாகச் சாப்பிட்டுவிட்டும் போனான்.

மூன்றாம் அடி ராஜாவின் தலையிலேயே விழுந்தது. பனி உருகிய நேரம். நதியில் படகு ஓட்டையாகி, ராஜா தண்ணீரில் விழுந்தான். கரையில் இருபத்தொன்பது பிரபுக்கள். ராஜாவுக்கு முதலில் கைகொடுக்கும் உரிமை முதல் இருக்கைக்காரருக்குத்தான். அவரோ சளி பிடித்து வீட்டில் படுத்திருந்தார். "அவர் வராமல் நான் எப்படிக் கை நீட்டுவது?" என்றார் இரண்டாமவர். "இவர் நீட்டாமல் நான் எப்படி?" என்றார் நம் கோர்தெய். ராஜா இரண்டு முறை முங்கி எழுந்தான். அதற்குள் கரையோரம் படகுக்குத் தார் பூசிக்கொண்டிருந்த சவேலி என்கிற கிழத்தச்சன் ஓடிவந்து, ராஜாவின் தலைமயிரைப் பிடித்து இழுத்துக் கரையில் போட்டான். போட்டுவிட்டு, "குளிரும், இதப் போட்டுக்க" என்று தன் தார் நாற்றமடிக்கும் கோட்டையும் போர்த்திவிட்டான்.

அந்தக் கோட்டுக்குள் நடுங்கிக்கொண்டே ராஜா இருபத்தொன்பது தாடிகளையும் ஒருமுறை பார்த்தான். 

மறுநாள் சபையைக் கூட்டினான். முதல் காரியமாக வரிசைப் புத்தகத்தைத் தூக்கிவரச் சொல்லி, கணப்பு அடுப்பில் போட்டான். தடிமனான புத்தகம், நன்றாக எரிந்தது. பிரபுக்கள் எல்லோரும் ஒரே சமயத்தில் மேசைக்கு அடியில் போகப் பார்த்தார்கள். இடம் போதவில்லை.

"கேட்டுக்குங்க" என்றான் ராஜா. "இனிமே தாத்தாவுக்கு இருக்கை கிடையாது. நமக்குக் கடல்ல போற கப்பல் ஒண்ணுகூட இல்ல. சவேலி நதிக்கரையில பட்டறை போடறாரு. மூணு வருஷம் எல்லாரும் அங்க வேலை செய்யணும், அடிமட்டத்திலேர்ந்து. முதல் வேலை தார் காய்ச்சறது. மேல போறதும் கீழ நிக்கறதும் அவரவர் கையில. மூணு வருஷம் கழிச்சு யாருக்கு எந்த இருக்கைன்னு சவேலி சொல்லுவாரு."

"எல்லாருமா, மகாராஜா?" என்று கேட்டார் கோர்தெய்.

"என்னையும் சேர்த்துத்தான். கீழ்ப்படியத் தெரியாதவனுக்குக் கட்டளை போடத் தெரியாது. ராஜாவும் இந்த நாட்டுக்கு வேலைக்காரன்தான். என்ன, கொஞ்சம் உசந்த நாற்காலியில உட்கார்ந்த வேலைக்காரன்."

பிரபுக்கள் வெளியே வந்து தாடிக்குள் சிரித்துக்கொண்டார்கள். ராஜாவாவது தார் காய்ச்சுவதாவது! அவன் யாராவது ஓர் ஆளை அனுப்பி, "இவன்தான் ராஜா, வேலை வாங்கு" என்று சொல்லிவிடுவான். பெரிய மனிதர்கள் அப்படித்தானே எல்லாம் செய்வார்கள்? நோன்பு இருக்கவே ஆள் வைத்திருந்தவர்கள் அவர்கள்.

கோர்தெய்க்கு வழி தெரிந்துவிட்டது. வீட்டுக்கு வந்ததும் விறகு வெட்டும் தெமீதைக் கூப்பிட்டார். அவர் வயதுதான் அவனுக்கும். அவர் உயரம்தான், ஏறக்குறைய அதே தாடி. பெண்டாட்டி பிள்ளை இல்லாத ஒண்டிக்கட்டை. தன் நரித்தோல் தொப்பியை எடுத்து அவன் தலையில் வைத்தார்.

"இன்னியிலேர்ந்து மூணு வருஷத்துக்கு நீதான் கோர்தெய். பட்டறையில பேர் கேட்டா அதான் சொல்லணும். மூச்சு விட்டே, தோலை உரிச்சிடுவேன்."

"எசமான், பொய் சொல்லி எனக்குப் பழக்கமில்லீங்க."

"பழகிக்கோ. நான் பழகலையா?"

பெலகேயா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "ஏங்க, நீங்களே போனா என்னங்க? கை காய்ச்சுப் போகும், கழண்டா விழுந்துடும்?"

"மூணாம் இருக்கைக்காரன் கை, பெலகேயா!" என்றார் கோர்தெய். அந்தக் கையால் அவர் வாழ்நாளில் செய்த பெரிய வேலை, கஞ்சிக் கிண்ணத்தைத் தூக்கியதுதான்.

தெமீத் பட்டறைக்குப் போனான். அங்கே நடந்தது கோர்தெய்க்குத் தெரியாது, உங்களுக்கு மட்டும் சொல்கிறேன். தார்க் கொப்பரைக்குப் பக்கத்தில் முகமெல்லாம் கரியாக ஒரு நெட்டையன் நின்றிருந்தான். பேர் கேட்டான். "கோர்தெய்... பிரபு" என்று மென்று விழுங்கினான் தெமீத். நெட்டையன் அவன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தான். இருபது வருஷம் கோடாலி பிடித்துக் காய்த்த கை. "பிரபுவுக்கு நல்லாக் காய்ச்சிருக்கு" என்று சொல்லிவிட்டு, சிரிப்பை மறைக்க அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

ஒரு வாரம் கழித்துச் சவேலி தூரத்திலிருந்து, "டேய் ரதிமீரு! கொப்பரை கரியுதுடா, எங்கடா பராக்குப் பாக்கறே?" என்று கத்தியபோதுதான் நெட்டையன் யார் என்று தெமீதுக்குத் தெரிந்தது. அவன் அவசரமாக நரித்தோல் தொப்பியைக் கழற்றினான். ராஜாவோ, "இதோ வந்துட்டேங்க!" என்று ஓடிக்கொண்டிருந்தான்.

முதல் வருஷ முடிவில் தெமீத் வீட்டுக்கு வந்தான். கையில் ஒரு கடிதம். தார் காய்ச்சுவதிலிருந்து கப்பல் பலகை இடுக்கில் சணல் அடைக்கும் வேலைக்குக் கோர்தெய் உயர்ந்துவிட்டார் என்று சவேலி கைநாட்டு வைத்திருந்தான்.

"எசமான், அங்க மகாராஜா..." என்று தொடங்கினான் தெமீத்.

"நாத்தம் தாங்கல, தள்ளி நில்லு!" என்றார் கோர்தெய்.

இரண்டாம் வருஷ முடிவில் இன்னொரு கடிதம். சணல் அடைப்பதில் கோர்தெயின் கைக்கு நிகர் இல்லை, இனி அவர் பலகைத் தச்சர். "எசமான், மகாராஜா அங்க..." என்றான் தெமீத். "கம்பளத்துல கால் வைக்காதே!" என்றார் கோர்தெய்.

மூன்றாம் வருஷ முடிவில் மூன்றாவது கடிதம். கோர்தெய் இனிச் சுக்கான் பிடிப்பவர், கப்பலையே நம்பி ஒப்படைக்கலாம். தெமீதின் வலது முழங்கையில் பெரிதாக ஒரு தீக்காய வடு. "எசமான், இதையாவது கேளுங்க. மகாராஜா..." "எல்லாம் எனக்குத் தெரியும், போ!"

"அவன் மூணு வருஷமா என்னமோ சொல்ல வர்றான், காது குடுத்துத்தான் கேளுங்களேன்" என்றாள் பெலகேயா.

கோர்தெய்க்கு எங்கே நேரம்? விருந்துக்கு வந்தவர்களுக்கு அவர் அந்தக் கடிதங்களை உரக்கப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தார். 'கோர்தெயின் கைக்கு நிகர் இல்லை' என்ற இடம் வந்ததும் நிறுத்தி, தன் கையைத் தானே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொள்வார். படிக்கப் படிக்க, தானேதான் கப்பல் கட்டினோமோ என்று அவருக்கே தோன்ற ஆரம்பித்துவிட்டது.

இருக்கை சொல்லும் நாள் வந்தது. கோர்தெய் தொப்பியைத் திரும்ப வாங்கித் தன் தலையில் வைத்துக்கொண்டார். தெமீதின் கையில் தன் கம்பளிக் கோட்டைக் கொடுத்து, பின்னால் தூக்கிவரச் சொன்னார். சபைக்குள் நுழைந்ததும் திகைத்து நின்றார். ராஜாவின் நாற்காலியில் கிழவன் சவேலி சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தான். ராஜா தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு கீழே வரிசையில் நின்றுகொண்டிருந்தான்.

"ரதிமீர்" என்று கூப்பிட்டான் சவேலி. "ரெண்டாந்தரத் தச்சன். வேலை மோசமில்ல, அவசரம்தான் ஜாஸ்தி. சுக்கான் பிடிக்க இன்னும் ரெண்டு வருஷம் ஆவும்."

"சரிங்க" என்றான் ராஜா, முகம் கொஞ்சம் தொங்க.

"கோர்தெய். சுக்கான்காரர். மூணாம் இருக்கை."

கோர்தெயின் கண் நிறைந்துவிட்டது. ஏழு தலைமுறை! தாடியை நீவிக்கொண்டு முன்னால் வந்தார். சவேலி அவரை ஏற இறங்கப் பார்த்தான்.

"யாருய்யா நீ?"

"நான்தான் கோர்தெய்."

"அட, நீர்தானா!" என்றான் ராஜா சந்தோஷமாக. "மூணு வருஷம் என் பக்கத்துல நின்னு வேலை செஞ்சது நீர்தானா? முகத்துல கரி இல்லாம அடையாளமே தெரியலையே!"

கோர்தெய்க்கு அப்போதுதான் உறைத்தது. ராஜா உண்மையிலேயே போயிருக்கிறான்! ஆனால் பின்வாங்கினால் இருக்கை போய்விடும். "ஆமாம், மகாராஜா. நானேதான்."

"அப்ப மூணே மூணு கேள்வி. தார் பதம் வந்துடுச்சின்னு எப்படித் தெரியும்?" என்று கேட்டான் ராஜா.

"கொதிச்சா பதம்தானே?" என்றார் கோர்தெய்.

சவேலி தலையில் அடித்துக்கொண்டான். "ஒரு சொட்டு எடுத்துப் பச்சைத் தண்ணியில விட்டா, விரல்ல ஒட்டாம உருளணும். வெல்லப்பாகு காய்ச்சற எந்தப் பொம்பளையும் சொல்லிடுவா இத."

"மறந்திருக்கும்" என்றான் ராஜா தாராளமாக. ஒரு பலகையும் உளியும் கொட்டாப்புளி என்கிற மரச்சுத்தியலும் சணலும் வந்தன. "உம்ம கைக்கு நிகர் இல்லையாமே. இந்த இடுக்கை அடைச்சுக் காட்டும்."

கோர்தெய் உளியை நிறுத்தி ஓங்கி அடித்தார். சணல் ஒரு பக்கம் பறந்தது, உளி ஒரு பக்கம் பறந்தது, அடி கட்டை விரலில் விழுந்தது. சபை சிரித்தது. அவர் விரலை வாயில் வைத்துக்கொண்டார்.

ராஜா மட்டும் இப்போது சிரிக்கவில்லை. "கடைசிக் கேள்வி. போன பனிக்காலத்துல கொப்பரை என் மேல கவிழ இருந்துச்சு. நீர் குறுக்கே பாய்ஞ்சு என்னைத் தள்ளிவிட்டீர். தார் உம்ம மேல கொட்டிச்சு. எந்தக் கையில கொட்டிச்சு?"

கோர்தெய் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். வலதா? இடதா? யோசித்து யோசித்து, கடைசியில் அதிபுத்திசாலித்தனமாக ஒரு பதில் சொன்னார்.

"ரெண்டு கையிலயும், மகாராஜா. ஆனா என் சம்சாரம் நல்ல களிம்பு போட்டா."

இரண்டு கையையும் முன்னால் நீட்டச் சொன்னார்கள். பச்சைக் குழந்தையின் கைபோல வழவழவென்று இருந்தன.  கோர்தெய் தரையைப் பார்த்தார். மூன்று வருஷமாக வாசலில் நின்று ஒருவன் சொல்ல வந்தது இப்போதுதான் அவர் காதில் விழுந்தது. வெட்கம் அவரைப் பிடுங்கித் தின்றது.

வாசலில் கோட்டோடு நின்ற தெமீத் ஓடிவந்து மண்டியிட்டான். சட்டைக் கை விலகி, வலது முழங்கை வடு எல்லோருக்கும் தெரிந்தது. "மகாராஜா, நான் தெமீதுங்க. விறகு வெட்டறவன். பேரு அவரோடது, இருக்கையும் அவரோடதாவே இருக்கட்டும். எனக்குக் கொப்பரை போதும்."

"நீ யாருன்னு எனக்கு முதல் நாளே தெரியும்" என்றான் ராஜா. "யார் வந்தான்னு நான் பாக்கல. யார் வேலை செஞ்சான்னு பாத்தேன். கோர்தெய்ங்கற பேருக்கு மூணு வருஷம் உழைச்சவன் நீ. பேரும் உனக்கு, இருக்கையும் உனக்கு. போய் உட்காரு."

பிறகு அவன் பிரபுவின் பக்கம் திரும்பினான். "உமக்கு இருக்கை இல்ல. பேரும் இல்ல. ஆனா தெமீதுங்கற பேர்ல மூணு வருஷமா ஒருத்தனும் வேலைக்கு வரல. அந்தப் பேரு சும்மா கிடக்கு. விருப்பம்னா எடுத்துக்கலாம். நாளைக்குக் காலையில கொப்பரையடிக்கு வரணும்."

மற்ற பிரபுக்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். இருபத்தொன்பது பேரும் ஆள் அனுப்பியவர்கள்தானே! ஓசைப்படாமல் திரும்பிக் கதவைப் பார்த்து ஓடினார்கள். அந்தத் தேசத்தில் முதன்முறையாக, யார் முன்னால் போவது என்று யாரும் கேட்கவில்லை.

நம் ஆள் வீட்டுக்குப் போனார். அழுதார். பெலகேயா பக்கத்தில் உட்கார்ந்து கட்டை விரலுக்கு நிஜமாகவே களிம்பு போட்டாள். "தெமீதோட பெண்டாட்டின்னு சொல்லிக்க எனக்கொண்ணும் வெட்கமில்ல" என்றாள். "வேலைக்குப் போகாதவனோட பெண்டாட்டின்னு சொல்லிக்கத்தான் இத்தனை நாள் கூச்சமா இருந்துச்சு."

மறுநாள் காலை அவர் கொப்பரையடியில் நின்றார். பேர் கேட்டார்கள். "தெமீத்" என்றார். முதல் மாதம் கை கொப்பளித்தது. இரண்டாம் மாதம் கொப்பளம் உடைந்தது. மூன்றாம் மாதம் காய்த்தது. சொட்டு உருளும் பதம் பிடிபட ஒரு வருஷம் ஆயிற்று, சணல் அடைக்க இரண்டு வருஷம். முன்னாள் விறகுவெட்டி சுக்கான் பிடித்துப் போன கப்பலின் அடிப்பலகையை அடைத்தது அவர்தான். கப்பல் கடலுக்குப் போய் ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே வராமல் திரும்பியது. அன்று மட்டும் அவர் யாருக்கும் தெரியாமல் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

ஏழாம் வருஷம் சவேலி அவருக்கு ஓர் இருக்கை சொன்னான். பத்தொன்பதாவது. கதவோரம், குளிர்காற்று நேராகக் காதுக்குள் வரும் இடம். அவர் உட்காரப் போகும்போது ராஜா குறுக்கே வந்தான்.

"நல்லா உழைச்சிட்டீர். சுக்கான்காரரைக் கேட்டேன், அவருக்கும் சம்மதம். உம்ம பழைய பேரைத் திருப்பித் தந்துடட்டுமா?"

அவர் கொஞ்சம் யோசித்தார். பிறகு தலையை ஆட்டினார்.

"வேண்டாம் மகாராஜா. அது எங்க தாத்தா குடுத்த பேரு. இது நான் சம்பாதிச்ச பேரு. கொஞ்சம் நகருங்க, நான் உட்காரணும்."

ராஜா நகர்ந்து வழிவிட்டான்.

அதனால், கேட்டிருந்த பெரியோரே, சிறியோரே: பாட்டன் பெருமையில் கிடைக்கும் உயரம் நிலைக்காது, அடிமட்டத்திலிருந்து தன் கையால் உழைத்தவனே மற்றவர்களை நடத்தத் தகுந்தவன்.